புவெனஸ் ஐரிஸின் முதல் ஹுண்டா 207 நாளில் முடிந்தது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 1810 மே மாதம், அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த, இன்று அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் அமைந்த முதல் ஹுண்டா என்ற ஆட்சிக்குழு அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இல்லாமல் போனது எப்படி; அதை ஸ்பானியப் படை கலைத்ததா, உள்ளே இருந்தவர்களே கவிழ்த்தார்களா; ஸ்பெயின் மன்னரின் பெயரால் சத்தியம் செய்துகொண்ட ஒரு குழுவைப் புரட்சி அரசு என்று சொல்லலாமா; அதன் செயலாளர் மரியானோ மொரேனோவுக்குக் கப்பலில் நஞ்சு வைத்தார்கள் என்பது மெய்யா. பார்வைக்கு இவை நான்கு கேள்விகள். அடியில் ஓடுவது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒரு தலைநகரம் தன் வைஸ்ராயை இறக்கிவிட்டுப் புதிய ஆட்சியை அமைத்தால், அந்த ஆட்சிக்குக் கட்டுப்பட வேண்டிய மற்ற ஊர்களின் சார்பில் பேசும் உரிமையை அது எங்கிருந்து பெறுகிறது? அந்த ஹுண்டா பிறந்தது இந்தக் கேள்வியோடு. முடிந்ததும் இந்தக் கேள்வியால்தான். இலத்தீன் அமெரிக்க வரலாற்றைக் கல்லூரியில் 26 ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், அக்கால நகர மன்றக் குறிப்புகளையும் ஹுண்டாவின் அரசிதழையும் ஸ்பானிய மொழியில் படித்தவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். கையெழுத்து மூலங்களை நான் பார்த்ததில்லை. அச்சில் வந்த பதிப்புகளே எனக்கு ஆதாரம்.

முதலில் ஹுண்டா என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆங்கில வழியில் அதை ஜுண்டா என்றதும் நமக்குச் சீருடை அணிந்த தளபதிகள் நினைவுக்கு வருகிறார்கள். அது இருபதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்கள் கொடுத்த பொருள். ஸ்பானிய மொழியில் ஹுண்டா என்றால் கூடியிருக்கும் குழு, அவ்வளவுதான். 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்னாந்தோவைப் பயோன் நகரில் பிடித்துவைத்துத் தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் அமர்த்தியபோது, ஸ்பெயினின் ஊர்கள் பலவும் மன்னர் திரும்பி வரும்வரை ஆள்வதற்கென்று தத்தம் ஹுண்டாக்களை அமைத்துக்கொண்டன. மன்னர் இல்லாதபோது ஆளும் அதிகாரம் மக்களிடம் திரும்பி வருகிறது என்பது அவற்றின் வாதம். ஸ்பெயினில் செல்லும் அந்த வாதம் அமெரிக்காவில் ஏன் செல்லாது என்று கடல் கடந்த நகரங்களும் கேட்கத் தொடங்கின. 1809இலேயே சுக்கிசாகா, லா பாஸ், கித்தோ ஆகிய ஊர்கள் எழுந்தன. லா பாஸ் எழுச்சியின் தலைவர் பெத்ரோ தொமிங்கோ முரில்லோ 1810 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். புவெனஸ் ஐரிஸில் கூடியவர்களுக்கு இது நான்கு மாதத்துக்கு முந்தைய செய்தி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர்களுடைய எச்சரிக்கையை எடைபோட வேண்டும்.

புவெனஸ் ஐரிஸுக்கு மற்ற நகரங்களுக்கு இல்லாத ஒன்று இருந்தது, சொந்தப் படை. 1806இல் ஆங்கிலேயர் அந்நகரைப் பிடித்தபோது வைஸ்ராய் சோப்ரேமோந்தே உள்நாட்டு நகரான கோர்தோபாவுக்குப் போய்விட்டார். ஊர் மக்களும், ஸ்பெயினின் சேவையில் இருந்த பிரெஞ்சுக்காரரான சாந்தியாகோ தெ லினியர்ஸும் சேர்ந்துதான் நகரை மீட்டார்கள். மறு ஆண்டு மீண்டும் வந்த ஆங்கிலேயப் படையைத் தெருத்தெருவாக நின்று முறியடித்தார்கள். அந்த இரண்டு ஆண்டில் உருவான குடிப்படைகளில் பெரியது, அந்த மண்ணில் பிறந்தவர்களைக் கொண்ட பாத்ரிசியோஸ் படைப்பிரிவு. அதன் தளபதி கொர்னேலியோ சாவெத்ரா, பொத்தோசி வெள்ளிச் சுரங்கப் பகுதியில் பிறந்து வணிகராக வாழ்ந்தவர். அவர் அசையாமல் நகரில் எதுவும் அசையாது என்ற நிலை 1809 ஜனவரி 1ஆம் தேதியே வந்துவிட்டது. அன்று, வைஸ்ராயாகியிருந்த லினியர்ஸைப் பதவியிலிருந்து இறக்க ஐரோப்பிய ஸ்பானியர்கள் செய்த கலகத்தை அடக்கியது அவருடைய படைதான்.

1810 மே மாத நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் வழியாக ஒரு செய்தி வந்தது. செவில்லா நகரம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்துவிட்டது. ஸ்பெயினின் மத்திய ஹுண்டா கலைந்துவிட்டது. வைஸ்ராய் சிஸ்நேரோஸை நியமித்ததே அந்த மத்திய ஹுண்டாதான். நியமித்தவர் இல்லாதபோது நியமனம் நிற்குமா? இதைப் பேசத்தான் மே 22ஆம் தேதி, ஊரின் முக்கியஸ்தர்களை அழைத்து நடத்தும் திறந்த நகர மன்றம் கூடியது. 450 அழைப்புகள் போயின. ஏறத்தாழ 250 பேர் வந்தார்கள். அன்றைய விவாதத்தை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தோற்றவர் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள். தோற்றவர் அரசு வழக்குரைஞர் மனுவேல் ஹெனாரோ வில்லோத்தா. ஆயர் லுவே முரட்டுத்தனமாகப் பேசியதை, மன்னர் இல்லாதபோது அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்று ஹுவான் ஹோசே காஸ்தெல்லி எதிர்கொண்டுவிட்டார். வில்லோத்தா எழுப்பியது வேறு வகையான தடை. அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்றே வைத்துக்கொள்வோம், எந்த மக்களிடம்? புவெனஸ் ஐரிஸ் ஒரு நகரம். இன்றைய பொலிவியா, பராகுவே, உருகுவே எல்லாம் அடங்கிய வைஸ்ராய்ப் பரப்பு முழுவதற்கும் அது மட்டும் எப்படி முடிவெடுக்கும்? மற்ற ஊர்களின் பிரதிநிதிகள் வரட்டும், பிறகு பேசலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவையில் சற்று நேரம் பதில் எழவில்லை என்று சொல்வார்கள். பிறகு ஹுவான் ஹோசே பாசோ என்ற வழக்கறிஞர் எழுந்து பதில் சொன்னார். ஊரில் இல்லாத ஒருவரின் சொத்துக்கு ஆபத்து வரும்போது, அவர் அனுமதி கேட்க நேரமில்லாமல், நெருங்கியவர் முன்வந்து காப்பாற்றலாம். பின்னர் உரியவர் வந்ததும் கணக்கு ஒப்படைக்கலாம். ரோமானியச் சட்டத்தில் வந்த இந்தக் கொள்கையைப் பாசோ அரசியலுக்குக் கொண்டுவந்தார். புவெனஸ் ஐரிஸ் மூத்த சகோதரி. தங்கைகள் தொலைவில் இருக்கிறார்கள். ஆபத்து இப்போதே வந்துவிட்டது. ஆகவே மூத்தவள் இப்போது செயல்படுவாள், தங்கைகளை உடனே கலந்துகொள்வாள். வாக்கெடுப்பில் வைஸ்ராய் நீங்க வேண்டும் என்பதே பெரும்பான்மை ஆயிற்று. 155க்கு 69 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை, சிலர் ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ எண்ணுகிறார்கள். எண்ணைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பாசோவின் வாதம் கொண்டுவந்த கடன். காப்பாற்றியவர் கணக்கு ஒப்படைத்தே தீர வேண்டும். உரியவர் வரும் நாளில் தன் பொறுப்பு முடியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அவர் அந்தச் சொத்தைத் தொடவே முடியும்.

மே 24ஆம் தேதி நகர மன்றம் ஒரு சமாளிப்புச் செய்து பார்த்தது. வைஸ்ராயையே தலைவராக்கி ஒரு ஹுண்டாவை அமைத்தது. அதில் சாவெத்ராவும் காஸ்தெல்லியும் இருந்தார்கள். படைமுகாம்களில் எழுந்த கொதிப்பால் அன்றிரவே அது விழுந்தது. மறுநாள் காலை நடந்ததை நகர மன்றக் குறிப்பேடே பதிவுசெய்திருக்கிறது. ஆட்கள் சிலர் உள்ளே வந்து புதிய பெயர்ப் பட்டியலைச் சொல்லி, மக்கள் இதையே விரும்புகிறார்கள் என்றார்கள். மன்றத்தார் எழுத்தில் கேட்டார்கள், எழுத்தில் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அவற்றில் தொமிங்கோ பிரெஞ்ச், அந்தோனியோ பெருத்தி ஆகிய இருவரும் தங்கள் சார்பிலும் அறுநூறு பேர் சார்பிலும் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மன்றத்தார் மாடத்துக்கு வந்து சதுக்கத்தைப் பார்த்தபோது அங்கே கூட்டம் கொஞ்சமாகத்தான் இருந்தது. மன்றத்தின் வழக்குரைஞர் ஹூலியான் தெ லேய்வா, மக்கள் எங்கே என்று கேட்டார். கீழேயிருந்து வந்த பதில்: நேரமாகிவிட்டதால் மக்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மன்றத்தின் மணியை அடியுங்கள், வருவார்கள், நாக்கு இல்லாததால் அந்த மணியை அடிக்க முடியாது என்றால், நாங்களே எச்சரிக்கை முரசை அறைந்து முகாம்களைத் திறந்துவிடுகிறோம். வில்லோத்தாவின் கேள்வி மூன்றே நாளில் வேறு வாயிலிருந்து திரும்பி வந்தது. இந்த முறை பதில் சட்ட நூலிலிருந்து வரவில்லை, முகாமிலிருந்து வந்தது.

அப்படி அமைந்தவர்கள் ஒன்பது பேர். தலைவர் சாவெத்ரா. செயலாளர்கள் மொரேனோவும் பாசோவும். உறுப்பினர்கள் வழக்கறிஞர் காஸ்தெல்லி, அவருடைய உறவினரும் துறைமுக வணிகச் சபையின் செயலாளராக இருந்தவருமான மனுவேல் பெல்கிரானோ, படைத்தலைவர் மிகேல் தெ அஸ்குவேனகா, பாதிரியார் மனுவேல் அல்பெர்தி, காத்தலோனியாவில் பிறந்த வணிகர்களான தொமிங்கோ மத்தேவு, ஹுவான் லாரேயா. வழக்கறிஞர், படைத்தலைவர், பாதிரியார், வணிகர் என்று இப்படி அளந்து சேர்த்த பட்டியலை எழுதியவர் யார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை. பின்னாளில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவரைச் சொல்கின்றன. எதையும் நான் வரலாறாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதேபோல, சதுக்கத்தில் குடை பிடித்த பெருங்கூட்டமும், வெளிர்நீலமும் வெள்ளையும் கலந்த நாடாக்களைப் பிரெஞ்சும் பெருத்தியும் பகிர்ந்தளிக்கும் காட்சியும் பள்ளிப் பாடப் படங்கள் வழியாக நிலைத்துவிட்டன. நாடாக்கள் வழங்கப்பட்டது உண்மை. அவற்றின் நிறம் பற்றி ஒன்றுக்கொன்று வேறுபடும் சாட்சியங்கள் உள்ளன. மழை பெய்தது, குடை அன்று விலை உயர்ந்த பொருள்.

நகர மன்றம் ஹுண்டாவை வெறுங்கையோடு விடவில்லை. கடமை தவறினால் நாங்கள் நீக்குவோம். நீதி வழங்குவது நீதிமன்றத்தின் வேலை, நீங்கள் தொடக் கூடாது. எங்களைக் கேட்காமல் புது வரி கூடாது. மாதாமாதம் கருவூலக் கணக்கை வெளியிட வேண்டும். உள்நாட்டு மாகாணங்களுக்கு 500 பேர் கொண்ட படையை அனுப்ப வேண்டும். மாகாணங்களின் பிரதிநிதிகள் கூடி, தங்களுக்கேற்ற ஆட்சிமுறையை முடிவுசெய்ய அழைப்பு விடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு வருகிறேன். மே 28ஆம் தேதி ஹுண்டா தனக்கென எழுதிக்கொண்ட ஒழுங்குமுறையில், தினமும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 வரையிலும், மாலை 5 முதல் இரவு 8 வரையிலும் கோட்டையில் கூடுவோம் என்று இருக்கிறது. அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் இன்று அர்ஜென்டினக் குடியரசுத் தலைவரின் மாளிகையான காசா ரோசாதா நிற்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கண்டத்தின் பாதியைக் கடிதங்களால் ஆள முயன்ற மனிதர்கள் என்றே நான் அவர்களைக் கற்பனை செய்துகொள்வேன். அந்தக் கடிதங்களில் ஒன்றுதான் அவர்களுடைய ஆட்சியை முடித்தது.

மே 27ஆம் தேதியிட்டு எல்லா ஊர்களுக்கும் போன சுற்றறிக்கை அது. 25ஆம் தேதிப் பதிவின்படி பிரதிநிதிகள் வந்து தனியே ஒரு பேராயமாகக் கூட வேண்டும். சுற்றறிக்கையோ வேறொன்றைச் சொன்னது: பிரதிநிதிகள் தலைநகருக்கு வந்து சேரும் வரிசைப்படி இந்த ஹுண்டாவிலேயே சேர்ந்துகொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. பேராயம் என்றால் அது அரசியல் சட்டத்தை எழுதும். அதுவரை ஒன்பது பேர் ஆள்வார்கள். ஹுண்டாவில் சேர்வது என்றால் வருகிறவர்களே ஆள்வோராகிவிடுவார்கள். சட்டம் எழுத யாரும் மிஞ்சமாட்டார்கள். அந்த வாக்கியம் ஏன் அப்படி எழுதப்பட்டது? மாகாணங்களை விரைவாக இணங்கவைக்க ஆட்சியிலேயே பங்கு தருகிறோம் என்று சொல்லத் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பித்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின என்பது மட்டும் உறுதி.

மன்னர் பெயரால் எடுத்த சத்தியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழாம் பெர்னாந்தோவின் உரிமைகளைக் காப்போம் என்று அவர்கள் சத்தியம் செய்தது உறுதியான செய்தி. அது மனமார்ந்ததா, முகமூடியா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. பெர்னாந்தோ முகமூடி என்ற தொடரே அந்த விவாதத்தில் பிறந்தது. சாவெத்ரா பின்னாளில் எழுதியதை வைத்து முகமூடிதான் என்று வாதிடலாம். ஆனால் வெற்றி கிடைத்த பிறகு எழுதும் நினைவுகள் முன்பிருந்த எண்ணத்தைத் திருத்திவிடும். என் கருத்து இது: ஒன்பது பேருக்கும் ஒரே எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. மன்னரின் பெயர் இருந்ததால் தயங்கியவர்களும் கையெழுத்திட முடிந்தது. ஆங்கிலேயர்கள் அன்று ஸ்பெயினின் கூட்டாளிகள், அவர்களுடைய வணிகத்தையும் இழக்காமல் இருக்க முடிந்தது. புரட்சி அரசா என்று கேட்டால், சத்தியத்தைப் பார்க்காமல் செயலைப் பாருங்கள் என்பேன். ஸ்பெயினில் எஞ்சியிருந்த ஆட்சிக்குழுவை அது ஏற்கவில்லை. ஜூன் 22ஆம் தேதி சிஸ்நேரோஸையும் உயர்நீதிமன்ற நீதிபதிகளையும் கோட்டைக்கு அழைத்து, அங்கிருந்து நேரே டார்ட் என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஏற்றிக் கனாரித் தீவுகளுக்கு அனுப்பிவிட்டது; வழியில் எந்த அமெரிக்கத் துறைமுகத்திலும் நிறுத்தக் கூடாது என்று கப்பல் தலைவருக்கு உத்தரவு. அந்தக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் வில்லோத்தாவும் ஒருவர்.

செயல்களில் ஒளியுள்ளவையும் உண்டு. ஜூன் 7ஆம் தேதி அரசிதழைத் தொடங்கினார்கள். ஆள்வோர் என்ன செய்கிறார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மொரேனோ அதை நடத்தினார். அர்ஜென்டினாவில் இன்றும் அந்த நாள்தான் பத்திரிகையாளர் நாள். செப்டம்பரில் பொது நூலகம் ஒன்றை அறிவித்தார்கள். இருண்டது ஆகஸ்டில் நடந்தது. கோர்தோபாவில் ஹுண்டாவை எதிர்த்துப் படை திரட்டியவர் வேறு யாருமில்லை, ஆங்கிலேயரிடமிருந்து நகரை மீட்ட அதே லினியர்ஸ். அவருடைய ஆட்கள் வழியிலேயே கலைந்துபோக, அவரும் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். பிடித்த இடத்திலேயே சுட வேண்டும் என்பது ஹுண்டாவின் ஆணை. குருவானவர் என்பதால் அல்பெர்தி மட்டும் அதில் கையெழுத்திடவில்லை. படையின் தலைவர் ஓர்த்திஸ் தெ ஒகாம்போ தயங்கிக் கைதிகளைத் தலைநகருக்கு அனுப்பினார். அவர்கள் வந்து சேர்ந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிய ஹுண்டா காஸ்தெல்லியை எதிரே அனுப்பியது. ஆகஸ்ட் 26ஆம் தேதி காபேசா தெ தீக்ரே என்ற இடத்துக்கு அருகே லினியர்ஸ், ஆளுநர் குத்தியேரெஸ் தெ லா கொஞ்சா உள்ளிட்ட ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயர் ஒரேல்யானா மட்டும் தப்பினார். ஆணையிட்ட புவெனஸ் ஐரிஸோ, நான்காண்டுகளுக்கு முன் லினியர்ஸின் கட்டளையில் போரிட்டவர்களின் ஊர். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. அந்த ஆணைக்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் புரிந்துகொள்கிறேன், ஏற்க முடியவில்லை.

ஊர்களின் பதில் கலந்து வந்தது. மான்டிவிடியோ மறுத்தது, அங்கிருந்த ஸ்பானியக் கடற்படை பின்னர் புவெனஸ் ஐரிஸை முற்றுகையிட்டது. பராகுவேயின் அசுன்சியோன் ஜூலை 24ஆம் தேதி கூடி ஸ்பெயினின் ஆட்சிக்குழுவையே ஏற்றது. அதை வழிக்குக் கொண்டுவரப் போன பெல்கிரானோ தோற்றுத் திரும்பினார். வடக்கே நவம்பர் 7ஆம் தேதி சுய்பாச்சாவில் ஹுண்டாவின் படை வென்றது. அதனால் பொத்தோசியும், கருவூலம் நம்பியிருந்த அதன் வெள்ளியும் சிறிது காலம் கைக்கு வந்தன. ஆக, ஸ்பானியப் படை அதைக் கலைத்ததா என்ற உங்கள் கேள்விக்கு உறுதியாக இல்லை என்று பதில் சொல்லலாம். டிசம்பரில் ஹுண்டா களத்தில் வென்றுகொண்டிருந்தது.

அந்த வெற்றியைக் கொண்டாட டிசம்பர் 5ஆம் தேதி பாத்ரிசியோஸ் முகாமில் விருந்து நடந்தது. அதானாசியோ துவார்த்தே என்ற அதிகாரி, குடிபோதையில், இனிப்புப் பண்டத்தை அலங்கரித்திருந்த சர்க்கரைக் கிரீடத்தை எடுத்து சாவெத்ராவின் மனைவியிடம் நீட்டி, சாவெத்ராவை அமெரிக்காவின் முதல் அரசராகவும் பேரரசராகவும் வாழ்த்தினார். மொரேனோ வந்தபோது வாயிற்காவலர் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பினார் என்றும் சொல்வார்கள். மறுநாள் ஆணை வந்தது. மே 28இல் தலைவருக்குக் கொடுத்த வைஸ்ராய் மரியாதைகள் ரத்து. நாட்டுக்கும் அதன் உரிமைகளுக்கும் படையின் புகழுக்கும் பொது நலனுக்கும் தவிர வேறு எதற்கும் விருந்தில் வாழ்த்துக் கூறக் கூடாது. ஹுண்டாவின் உறுப்பினர் ஒருவரைத் தனித்து வாழ்த்துகிறவருக்கு ஆறு ஆண்டு நாடுகடத்தல். பொது நிகழ்ச்சிகளில் மரியாதைக்குரிய குடிமக்களைக் காவலர் தடுக்கக் கூடாது. துவார்த்தே தூக்குமேடையில் இறக்க வேண்டியவர். போதையில் இருந்ததால் உயிர் தப்புகிறார். ஆனாலும் நகரைவிட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டும், ஏனெனில் புவெனஸ் ஐரிஸ்வாசி ஒருவர் போதையிலும் உறக்கத்திலும்கூடத் தன் நாட்டின் விடுதலைக்கு எதிராக நினைக்கக் கூடாது என்று அந்த ஆணை முடிவுசெய்கிறது. சாவெத்ராவும் அதில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. அவருடைய படையினர் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அடுத்த மாதங்களில் தெரிந்தது.

இதற்குள் மாகாணப் பிரதிநிதிகள் ஒன்பது பேர் வந்து காத்திருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் கோர்தோபாப் பேராலயத்தின் தலைமைக் குரு கிரெகோரியோ பூனெஸ். லினியர்ஸின் எதிர்ப்பு வேண்டாம் என்று அந்த ஊரிலேயே நின்று சொன்னவர் அவர். எனவே அவரைப் பழைய ஆட்சியின் ஆள் என்று ஒதுக்க முடியாது. டிசம்பர் 18ஆம் தேதி அவர்கள் ஹுண்டாவின் முன் வந்து, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் வைத்த வாதத்தைக் கவனியுங்கள்: மாகாணங்கள் கட்டுப்பட வேண்டிய ஆட்சியாளர்களைத் தானாகத் தேர்ந்தெடுக்கத் தலைநகருக்கு உரிமை இல்லை. வில்லோத்தா பேசியதேதான் இது, புரட்சியின் பக்கத்திலிருந்து வந்தது. அதோடு மே 27ஆம் தேதிச் சுற்றறிக்கையையும் காட்டினார்கள். அந்த வாக்கியம் அனுபவமின்மையால் நேர்ந்தது, நடைமுறைக்கு ஒவ்வாதது என்று காலம் காட்டிவிட்டது என ஹுண்டாவினர் பதில் சொன்னார்கள். பெல்கிரானோவும் காஸ்தெல்லியும் படைகளோடு தொலைவில் இருந்தார்கள். இருந்தவர்கள் ஏழு பேர். வந்த ஒன்பது பேரும் தங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் தாங்களே வாக்களித்தார்கள். வழக்கில் தரப்பினரே நீதிபதியாக அமர்ந்தது போன்றதுதான். பதினாறில் மறுத்தவர்கள் பாசோவும் மொரேனோவும் மட்டுமே. சாவெத்ரா, சட்ட உரிமை அவர்களுக்கு இல்லாவிட்டாலும் பொது நலனை எண்ணி இணங்குவதாகச் சொன்னார். இந்தச் சேர்க்கை சட்டத்துக்கும் நாட்டின் நலனுக்கும் எதிரானது என்று மொரேனோ கூறிப் பதவி விலகினார். முதல் ஹுண்டா அன்றோடு முடிந்தது. அன்று முதல் அதைப் பெரிய ஹுண்டா என்கிறோம். மே 25இலிருந்து எண்ணினால் 207 நாள்.

இதைச் சாவெத்ரா ஆட்களின் சூழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. மொரேனோவின் அவசரத்துக்குக் கிடைத்த பதில் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் இடையே பகை இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பகை இல்லாதிருந்தாலும் அந்தப் பிரதிநிதிகள் வந்திருப்பார்கள். அழைப்புக் கடிதம் அவர்கள் பையில் இருந்திருக்கும். பேராயம்தான் வேண்டும் என்று அக்டோபர் முதலே அரசிதழில் தொடர்ந்து எழுதிய மொரேனோ சொன்னது கொள்கை அளவில் சரி என்றே நினைக்கிறேன். இருப்பினும் மாகாணங்களின் பக்கம் நின்று பார்க்கும்போது, அழைத்துவிட்டு வாசலில் நிறுத்திவைத்த வீட்டைப் பற்றி அவர்கள் வேறு என்ன நினைத்திருக்க முடியும்?

மொரேனோவின் மரணத்துக்கு வருகிறேன். இலண்டனுக்குத் தூதராகப் போகும் பொறுப்பைக் கேட்டுப் பெற்று, 1811 ஜனவரி 24ஆம் தேதி, தம்பி மனுவேலோடும் தொமாஸ் கீதோவோடும் ஃபேம் என்ற ஆங்கிலேயக் கப்பலில் புறப்பட்டார். உடல்நலம் ஏற்கெனவே குன்றியிருந்தது. கப்பலில் மருத்துவர் இல்லை. தங்களுக்குத் தெரியாமல் கப்பல் தலைவர் வாந்தி மருந்து கொடுத்ததாகவும், அதன்பின் வலிப்பு வந்ததாகவும் தம்பி எழுதியிருக்கிறார். மார்ச் 4ஆம் தேதி, 32 வயதில் இறந்தார். உடல் கடலில் விடப்பட்டது. ஆண்டிமனி கலந்த அந்த மருந்து அன்று எங்கும் வழக்கத்தில் இருந்தது. அளவு மிஞ்சினால் கொல்லும். எனவே மருந்தால் இறந்திருக்கக்கூடும் என்பது நியாயமான முடிவு. கொலை செய்யும் எண்ணம் இருந்தது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. இவ்வளவு நெருப்பை அணைக்க இவ்வளவு தண்ணீர் வேண்டியிருந்தது என்று சாவெத்ரா சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. பிறர் வாய்வழி வந்த அதை நான் சான்றாக எடுப்பதில்லை. மொரேனோ எழுதியதாகச் சொல்லப்படும் செயல்திட்டம் என்ற கடுமையான ஆவணமும் அப்படியே. அது அவருடையதா, அவர் பெயரைக் கெடுக்க எதிரிகள் புனைந்ததா என்ற வழக்கு நூறாண்டுக்கும் மேலாகத் தீரவில்லை. தீராத ஒன்றை அடிப்படையாக வைத்து அவரைக் கொடுங்கோலர் என்று தீர்ப்பளிப்பது தவறு. மனைவி குவாதலூப்பே குயெங்கா, கணவர் இறந்தது தெரியாமல் மாதக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் கதை சுருக்கமானது. அல்பெர்தி 1811 ஜனவரி 31ஆம் தேதியே மாரடைப்பால் இறந்தார். உறுப்பினர் கூடிய பெரிய ஹுண்டாவால் விரைவாக எதையும் முடிவுசெய்ய முடியவில்லை. 1811 ஜூன் 20ஆம் தேதி வாக்கி போரில் வடக்குப் படை சிதறியது. செப்டம்பரில் ஆட்சி மூவர் குழுவின் கைக்குப் போனது. சாவெத்ரா விசாரணைக்கு ஆளானார். காஸ்தெல்லி, மே மாதத்தின் நாவலர் என்று பெயர் பெற்றவர், 1812இல் நாக்குப் புற்றுநோயால் இறந்தார். 25ஆம் தேதிப் பதிவில் எழுதியிருந்த அந்தப் பேராயம் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் கூடியது. அதுவும் தலைநகரில் கூடவில்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்குமான் நகரில் கூடியது. பராகுவே வரவில்லை, உருகுவேயும் வரவில்லை. 1816 ஜூலை 9ஆம் தேதி, இந்த மாகாணங்கள் மன்னரிடமிருந்து விடுபட்ட சுதந்திர நாடாக இருக்க விரும்புகின்றனவா என்ற தீர்மானம் அங்கே வாசிக்கப்பட்டது. எழுந்து நின்று அதை வாசித்தவர் பேராயத்தின் செயலாளராக இருந்த ஹுவான் ஹோசே பாசோ.